அவருக்கு வந்த கடிதங்கள்

பிறருக்கு வந்த கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று சிறு வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தபால்காரர் கொண்டுவரும் கார்டைக்கூட என் தகப்பனார் கவிழ்த்துத்தான் வைப்பார். அப்படி வளர்ந்தவன், போன மழைக்காலத்தில் பத்து நாட்கள் இன்னொருவருக்கு வந்த கடிதங்களில் மூழ்கிக் கிடந்தேன். ஆசாமி இறந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

சில்வெஸ்டர் ரோசா கோலர் என்று பெயர். 1837-ல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் பிறந்து, பையனாக இருக்கும்போதே அமெரிக்கா போனவர். பாஸ்டனில் பிராங் என்பவருடைய வண்ணப்பட அச்சகத்தில் தொழில் நிர்வாகியாக இருந்தார். மையும் மெஷினும் தெரிந்த மனுஷர். பிறகு 1879-ல் ஒரு கலைப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். பத்திரிகை இரண்டே வருஷம்தான் நடந்தது. நல்ல பத்திரிகைகளுக்கு எந்தத் தேசத்திலும் ஆயுள் அவ்வளவுதான் போலிருக்கிறது!

அதில் எச்சிங் படங்கள் வரும். தாமிரத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, அதிலே ஊசியால் படம் கீறி, திராவகத்தில் முக்குவார்கள். பூச்சு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, கீறின இடத்தை மட்டும் திராவகம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேலே ஒட்டினதைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தோடு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் படம் விழும். கேட்கச் சுலபம். திராவகத்தில் ஒரு நிமிஷம் கூடிப்போனால் வானமே கறுத்துவிடும்.

இந்தப் படங்களைப் போட்டவர்கள் ஒவ்வொருவரையும் பற்றிக் கோலர் பத்திரிகையில் எழுதினார். எழுதுவதற்குத் தகவல் வேண்டும்; தகவலுக்குக் கடிதம் போட வேண்டும். எங்கே பிறந்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், எத்தனை தகடுகள் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவருக்கு வந்தவற்றைப் படிக்கிறவன் பதிலிலிருந்து கேள்வியை ஊகித்துக்கொள்ளத்தான் வேண்டும். அவருடைய காகிதங்கள் இப்போது வாஷிங்டனில், அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மேரி நிம்மோ மோரன் என்று ஓர் அம்மாள். தம் படங்களில் பெயரைச் சுருக்கி 'எம். நிம்மோ' என்று கையெழுத்திடுவது வழக்கம். 1881-ல் லண்டன் எச்சிங் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. உறுப்பினர்களில் பெண் அவர் ஒருவரே; தேர்ந்தெடுத்தவர்கள் ஆண்பிள்ளை என்றே எண்ணிக்கொண்டிருந்தார்களாம். கோலர் அதே வருஷம் கட்டுரைத் தலைப்பிலேயே 'திருமதி' என்று போட்டு எழுதினார். எனக்கு அந்த ஒரு சொல் பிடித்திருந்தது.

1886-ல் வாஷிங்டன் தேசிய மியூசியத்தில் அச்சுக்கலைப் பகுதிக்கும், 1887-ல் பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் அச்சுப்படங்களுக்கும் அவர்தான் முதல் காப்பாளர். அந்த 1887-லேயே பெண்கள் செய்த எச்சிங்குகளை மட்டும் வைத்துப் பாஸ்டனில் ஒரு கண்காட்சி நடந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறக்குறைய 400 மைல். 1900-ல் சாகும்வரை இரண்டையும் கவனித்துக்கொண்டார். குடியிருப்பு பாஸ்டனில், வாஷிங்டன் வேலைக்குப் பெரிய துணை தபால்தான்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் போதாது, அது எப்படி உண்டாயிற்று என்றும் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. டோக்கியோவில் சர்க்கார் அச்சகத்தின் தலைவராக இருந்த டொகுனோ, மரக்கட்டையில் படம் செதுக்கும் கருவிகளை வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்து, செய்முறையையும் எழுதி அனுப்பினார். கோலர் அதற்குக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். மியூசியத்தின் 1892-ம் வருஷ அறிக்கையில் அது இருக்கிறது. கடல் தாண்டி உளி வாங்கிவைக்கிற காப்பாளரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் வேறு.

என் முதல் கதைகளைப் போட்ட சிறு பத்திரிகை ஆசிரியர் ஒருவர் இருந்தார். எழுத்தாளர்களைப் பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவர வேண்டுமென்று அவருக்கு ஆசை. பிறந்த ஊர், படிப்பு, முதல் கதை என்று விவரம் கேட்டு எனக்குக் கார்டு மேல் கார்டாக எழுதினார். மூன்று வருஷம் இருக்கும். நான் ஒரே ஒரு தடவை பதில் போட்டேன். தொகுப்பு வரவில்லை. போன வருஷம் அவர் காலமானார். பெட்டியைப் பிரித்த அவருடைய மகள், நான் அவருக்கு எழுதின கடிதங்களைச் சணல் கயிற்றால் கட்டி எனக்கு அனுப்பியிருந்தாள். கதை அனுப்பினதும், சன்மானம் கேட்டதும், அச்சுப்பிழைக்குக் கோபித்துக்கொண்டதும் ஒன்று விடாமல் இருந்தன.

அந்த ஒரு பதிலும் இருந்தது. "என் கதை போதாதா, என் ஜாதகம் எதற்கு?" என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால், 'பதில் எழுதியாயிற்று' என்று தேதியோடு குறித்திருக்கிறார்.

என்ன பதில் எழுதினார் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவருடைய கார்டுகளை வீடு மாற்றியபோது பழைய பேப்பரோடு நான்தான் எடைக்குப் போட்டேன். கிலோ எட்டு ரூபாய் என்று பேரம் பேசினது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.