கதவைத் தட்டும் பணி

(பழைய மாணவி ஒருவர்)



காய்ச்சல் வந்தால் ஊரறியச் சொல்கிறோம். கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வீதியில் நடக்கிறோம். மனத்துக்கு நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அப்படிச் சாத்திய கதவுகளைத் தட்டுவதே என் வேலையாக இருந்தது. நம் பள்ளியில் படித்து, கல்லூரியில் உளவியல் முதுகலை முடித்தபின், ஒரு சமூக மனநலத் திட்டத்தில் உதவி உளவியலாளராக இரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். அந்த அனுபவத்தை எழுதும்படி ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

உதவி உளவியலாளருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். உளவியல் சிகிச்சைக்குப் பொறுப்பேற்பவர் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். அவருடைய மேற்பார்வையில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதும், நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிப்பதும், வீடு தேடிச் சென்று குடும்பத்தாருக்கு நோயை விளக்குவதும் எங்கள் பங்கு. முகாமில் நீண்ட வரிசை காத்திருக்கும்போது, ஒரே திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார மருத்துவரால் முடியாது. எங்களால் முடியும். எங்கள் கையிலிருந்த மருந்து அந்த நேரம்தான்.

ஒரு காலத்தில் மனநல சிகிச்சை என்றாலே உயர்ந்த மதிற்சுவர்தான் நினைவுக்கு வரும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அதன் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டு இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் அவர், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984-இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இதற்கிடையே 1982-இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த முன்னோடி முயற்சியைப் பின்பற்றி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனையைத் தேடி நெடுந்தூரம் அலையாமல், சிகிச்சை அவர் ஊருக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

அது ஏன் அவசியம் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எனினும் சட்டம் ஒவ்வொரு வீட்டின் பின்கட்டுக்கும் தானாக நடந்து போய்விடாது. யாராவது போகவேண்டும்.

நான் போன வீடுகளில் ஒன்றைச் சொல்கிறேன். பெயரையும் ஊரையும் சொல்வது எங்கள் தொழிலுக்கு முறையன்று. நிலக்கோட்டை வட்டாரத்து மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுப் பெண் ஒருத்தி; யாரோ தன்னைத் திட்டும் குரல் ஓயாமல் கேட்கிறது என்பாள். தாய் அவளைக் கோயில், தர்கா, மாதா கோவில் என்று எங்கும் அழைத்துச் சென்று, கம்மலையும் விற்றுவிட்டாள். பிறகு எங்கள் முகாமில் மருந்து தொடங்கி, தேறியும் வந்தாள். ஆனால் கை நடுங்குகிறது என்று மாத்திரையை நிறுத்தினாள். நோய் திரும்பியது. மீண்டும் பின்கட்டு அறைக்குள் முடங்கினாள்.

அவ்வூரில் விடியுமுன்பே மொட்டுப் பறிக்கப் போய்விடுவார்கள். ஆகவே பத்து மணிக்கு மேல்தான் செல்வேன். முதல் மூன்று முறையும் அவள் கதவைத் திறக்கவில்லை. “நீ உட்காரு தாயி” என்று தாய் திண்ணையில் இடம் தருவாள். நானும் அவளோடு பூக் கட்டிக்கொண்டே பேசிவிட்டு வருவேன். நான்காம் முறை, கதவிடுக்கின் வழியே ஒரு குரல் வந்தது: “இப்படிக் கட்டுனா எல்லாம் உதிர்ந்துரும்.” என் கையிலிருந்த சரத்தைத்தான் சொன்னாள்! அன்று அவளே வெளியே வந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தாள்.

கை நடுக்கத்தை மருத்துவரிடம் தெரிவித்தோம். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். உளவியலாளர் சொன்னபடி அன்றாடத்துக்கு ஒரு சிறு அட்டவணை போட்டோம். எழுந்து குளிப்பது, தாயோடு சாப்பிடுவது, ஒரு முழம் பூக் கட்டுவது, முதலில் அவ்வளவே. எட்டு மாதம் கழித்து அவள் வியாபாரிக்குப் பூக் கட்டிக் கூலி வாங்கினாள். “குரல் இன்னும் கேக்குதாக்கா?” என்றேன். “கேக்குது. ஆனா நான் பதில் பேசுறதில்ல” என்றாள். நலம் பெறுவது என்றால் நோய் முழுவதும் ஓடிப்போவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். நோய் ஓரமாக இருக்கும்போதே வாழ்க்கை நடுவில் வந்து உட்காரலாம் என்பதை எந்தப் பாடநூலைவிடவும் தெளிவாக அவளே எனக்குச் சொன்னாள்.

அவள் தம்பியின் கல்யாணத்தில், “இவளை உள்ளே இருக்கச் சொல்லுங்கள்” என்றார்களாம் உறவினர். “பொண்ணு தலையில இருக்கிற பூவே அவ கட்டுனதுதான்” என்று தாய் சொல்லிவிட்டாளாம்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. தேறி வந்த ஓர் இளைஞனின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் சென்றது. அதன்பின் அவன் மாத்திரை வாங்க வரவில்லை. முகாம் நாள்களில் அவன் அட்டை மட்டும் மேசையில் கிடக்கும். வறுமையும் இந்த நோயும் கைகோத்து நடப்பவை. அதனால்தான் 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற உதவுவதும் எங்கள் பணியில் சேர்ந்தது.

தங்கையரே, இதற்கெல்லாம் பட்டம் பெறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ‘பைத்தியம்’ என்ற சொல்லை விளையாட்டுக்கும் சொல்லாதிருங்கள். அதைக் கேட்கும் தோழியின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கலகலப்பாயிருந்த ஒருத்தி இரண்டு வாரமாகச் சரியாக உண்ணாமல், உறங்காமல், பேச்சற்றுப் போனால், அருகில் சென்று உட்காருங்கள். உயிரே வேண்டாம் என்று அவள் சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ பெரியவரிடமோ உடனே சொல்லுங்கள். 2022-இல் அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

முதல் முறை அவள் பதில் சொல்லாவிட்டால் மனம் தளராதீர்கள். மறுநாளும் போய் உட்காருங்கள்.