எந்த ஊர் வாகனம்?

கார்க்காரர் சாவியைத் தரும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நம்பர் பிளேட்டைப் பற்றி ஆரும் கேட்டா இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான்."

முதல்நாள் இரவுதான் செய்தி வந்திருந்தது. எங்கள் பட்ச்காரி ஒருத்தி, மட்டக்களப்புப் பிள்ளை, அப்பாவுக்குக் கடுமை என்று போன கிழமை ஊருக்குப் போனவள். அப்பா போயிட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் 2 மணிக்கு எடுக்கிறார்கள். இரவு பஸ்ஸில் சீற் இல்லை. திங்கள் பரீட்சை. முதலாம் வருசத்தில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கோப்பையில் சோறு குழைச்சுத் தந்தவள் அவள். போகாமல் இருக்க ஏலாது. ஐந்து பேர் காசு போட்டு யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஒரு கார் எடுத்தோம்.

எங்களில் காரோடத் தெரிந்தவள் ஒருத்திதான். "தங்கச்சியோ ஓடுறது?" என்று கார்க்காரர் இரண்டு தரம் கேட்டார். பிறகு பிணையாக எங்கள் இரண்டு பேரின் அடையாள அட்டைகளை வாங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்காமல் வவுனியா தாண்டப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தால் எங்கள் அம்மாக்கள் ஒருத்தரும் விட்டிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை.

கார் புத்தம் புதிது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்துவிட்ட பிறகு வந்தது. பதிந்தாகிவிட்டது, இலக்கமும் கிடைத்துவிட்டது, தகடு மட்டும் வந்துசேரவில்லை. அந்த வருசம் தகட்டுக்குக் காத்துக்கிடந்த புது வாகனங்கள் நாடு முழுக்க இருந்தன. எங்கள் கார்க்காரர் கடையில் ஸ்ரிக்கர் அடித்து முன்னும் பின்னும் ஒட்டியிருந்தார். முன்னுக்கு வெள்ளை, சரி. பின்னுக்கு மஞ்சள் இருக்கவேண்டும். அங்கேயும் வெள்ளைதான். விடிய 5.30 இருட்டில் இதை யார் பார்த்தது?

நாங்கள் பார்த்து ரசித்தது வேறொன்றை. அந்த இலக்கத்துக்கு முன்னால் என்.பி. இல்லை. 2023இலிருந்து புதுத் தகடுகளில் மாகாண எழுத்துப் போடுவதில்லை. ஒரு மாகாணத்து வாகனத்தை இன்னொரு மாகாணத்தவர் வாங்கினால் தகட்டையும் மாற்றவேண்டும், அந்த அலைச்சலும் செலவும் வேண்டாமென்றுதான் எடுத்தார்கள். எங்கள் வீடுகளில் அதுக்கு வேறு அர்த்தம். எங்களில் ஒருத்தியின் மாமா கொழும்புக்கு ஓடவென்றே டபிள்யூ.பி. தகடு உள்ள வானாய்த் தேடி வாங்கினவர். விலை கூட. "மறிக்கிறது குறையும்" என்பது மட்டும்தான் அவர் சொன்ன காரணம்.

ஆனையிறவில் வெளிச்சம் வந்தது. கிளிநொச்சியில் தேத்தண்ணி. ஓமந்தையில் ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை, ரோட்டும் பற்றையும்தான். சமாதான காலத்தில் இரண்டு பக்கத்துக் கட்டுப்பாட்டுக்கும் இடையிலிருந்த வாசல் இதுதான். 2006 ஆகஸ்டில் ஏ9 பூட்டுப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகும் 2015 வரைக்கும் இங்கே சோதனைச் சாவடி இருந்தது. சின்னப்பிள்ளைகளாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது எங்களில் மூன்று பேருக்கு ஞாபகம் இருக்கிறது, எதற்காக நின்றோம் என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கார் 70இல் போய்க்கொண்டிருந்தது. யாரோ "ஓமந்தை" என்று சொல்லி முடிக்க முதல் ஓமந்தை முடிந்துவிட்டது.

ஈரப்பெரியகுளம் தாண்டினால் வடக்கு முடிகிறது. மதவாச்சியில் எங்கள் வவுனியாக்காரன் வாய் திறந்தான். யுத்தம் இறுகின காலத்தில் வடக்கு வாகனம் அதற்கு மேல் போகாதாம். அவனுடைய அப்பா வான் ஓடினவர். இந்தப் பக்கம் ஆட்களை இறக்கிவிட, அவர்கள் சாமானைச் சுமந்து சோதனை முடித்து, அங்கால வேறு பஸ் ஏறவேண்டும். "அப்பா மதவாச்சிக்கு மேல ரோட்டே பாத்ததில்லை" என்றான். பிறகு பாட்டைக் கூட்டிவிட்டான்.

மரதன்கடவலையில் திரும்பி ஹபரணை. அதற்கும் பொலன்னறுவைக்கும் இடையில் ஓரிடத்தில், 11 மணிக்குக் கிட்ட, கை காட்டி மறித்தார்கள்.

இளம் பொலிஸ்காரர், எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஓடினவளின் லைசன்ஸைப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரத்தைக் குனிந்து பார்த்தார். தகட்டிலிருந்து போன மாகாணம் அந்தச் சின்னக் கடதாசியில் இருந்தது. "யாப்பனே இந்தலாத?" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்தா? சாதாரண கேள்விதான். ஆனால் "ஒவ்" என்று சொல்லும்போது காருக்குள் எல்லாரும் ஒருமாதிரி நிமிர்ந்து இருந்தோம். கொழும்பு வாகனத்தையும் இப்படிக் கேட்பார்களாயிருக்கும். எங்களுக்குத் தெரியாது, கொழும்பு வாகனத்தில் நாங்கள் போனதில்லை.

பிறகு அவர் பின்பக்கம் போனார். வெயிலுக்கு ஸ்ரிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. அதை விரலால் தட்டிப் பார்த்தார். பதிவுக் கடிதத்தைக் கேட்டார். தேடினோம். காப்புறுதி இருந்தது, வாடகை எழுதின துண்டு இருந்தது. கடிதம் யாழ்ப்பாணத்தில், எங்கள் அடையாள அட்டைகள் கிடந்த அதே லாச்சியில். கார்க்காரருக்கு அடித்தால் எடுக்கிறார் இல்லை. (வெள்ளிக்கிழமை, கோயிலில் நின்றவராம்.) அடையாள அட்டை கேட்டபோது மூன்றுதான் நீட்ட முடிந்தது.

அந்தப் பொலிஸ்காரரில் பிழை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கள்ள இலக்கத்தில் ஓடும் வாகனத்தைப் பிடிப்பது அவருடைய வேலை. எங்களுடையது பார்த்தால் அசல் கள்ள வாகனம்தான். கோபமெல்லாம் "எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்" மேல்தான்.

மரத்துக்குக் கீழே நின்றோம். எங்களில் வரலாறு படிக்கிறவள் மெதுவாகச் சொன்னாள், பிளேட்டுக்காக இந்த நாட்டில் மறிபடுவது நாங்கள் முதல் ஆட்கள் இல்லை என்று. 1957 ஜனவரியிலிருந்து புது வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் போட்டார்கள். வடக்கு கிழக்கில் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958இல் சிங்கள ஸ்ரீயோடு அரச பஸ்கள் வடக்குக்கு வர, இங்கே தார் பூச்சு. பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூச்சு. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் வவுனியாவில் தமிழரசுக் கட்சி மாநாடு. மட்டக்களப்பிலிருந்து அதற்கு ஆட்கள் வருகிறார்கள் என்று ரயிலைத் தாக்கினார்கள்.

"எங்க?" என்று கேட்டோம்.

"பொலன்னறுவை ஸ்ரேசனில."

ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை. பாடத்தில் எல்லாரும் படித்ததுதான், சோதனைக்கு எழுதினதும்தான். ரோட்டுக்கரையில் நின்று கேட்கிறபோது அது வேறு.

12 மணி ஆகப்போகுது. வவுனியாக்காரன் தன் அரைகுறைச் சிங்களத்தோடு திரும்பப் போனான். "மளகெதர" என்றான். செத்தவீடு. முதலே சொல்லியிருக்கலாம், பிளேட்டைப் பற்றிக் கேட்டால் பிளேட்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும் என்று நினைத்துவிட்டோம். பொலிஸ்காரர் யாருடையது என்று கேட்டார். "யாளுவாகே தாத்தா." சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவருக்கு அது விளங்கியது. எங்கே என்று கேட்டார், எத்தனை மணிக்கு என்று கேட்டார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கார்க்காரர் திருப்பி அடித்தார். வட்ஸ்அப்பில் கடிதத்தின் படம் வந்தது. பொலிஸ்காரர் அதை எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டு, இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, ஓடினவளிடம் "ஹெமின் யன்ன" என்றார். மெதுவாகப் போங்கள்.

மெதுவாகப் போகவில்லை. மன்னம்பிட்டி, வெலிகந்தை, புணாணை. எங்கே கிழக்கு தொடங்கியது என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாழைச்சேனைச் சந்தியில் மணி 1.35.

ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. வாசலில் கதிரைகள் வெறுமையாக இருந்தன. 2.20. எடுத்துவிட்டார்கள்.

அவள் உள்ளே குளித்த தலையோடு பாயில் இருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை, கையை மட்டும் நீட்டினாள். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி இருந்தோம். ஓடினவள்தான் கூட அழுதாள். "இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கச் சொல்லிப் பாத்தன்கா" என்றாள் அவள். "வெயில் எண்டுட்டாங்க." நாங்கள் ஏன் பிந்தினோம் என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஸ்ரிக்கர் கிளம்பின கதையை அந்த அறையில் எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டுச் சோறு வந்தது. சுடலைக்குப் போன ஆம்பிளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவளுடைய மாமா ஒருவர் கால் கழுவிவிட்டுப் படலைக்கு வெளியே நின்ற காரைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது எந்த ஊரு வாகனம் மனே?"

"யாழ்ப்பாணம், மாமா."

"அதுல ஒண்டும் போடல்லையே" என்று சொல்லிவிட்டு, கிளம்பின அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.