சுமையேற்றிப் பார்க்கும் வித்தை

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பேட்டை, முதலில் செங்கற்சூளைகளாலும் அப்பால் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளாலும் வளர்ந்து, 2010-ஆம் ஆண்டு முதல் லிட்டில் இந்தியா என்ற அலங்காரப் பெயரையும் பூண்டு, கோலாலம்பூரின் நடுவே இரைச்சலும் மல்லிகை மணமும் ஒருங்கே வீசக் கிடப்பது. அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டுக் கைப்பேசிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர், பிறர் எறிந்துவிட்ட வேப் என்னும் மின்சிகரெட் கருவிகளைப் பிரித்து மின்கலங்களை எடுப்பதைக் கண்டு, என் யாத்திரையை அவரிடமிருந்தே ஆரம்பித்தேன். எனக்கு வேப் பழக்கம் கிடையாது. அதன் குணதோஷங்களை ஆராய்வதும் என் நோக்கமன்று. தம் கையாலேயே உபகரணம் செய்துகொள்ளும் தொழிலாளியின் புத்தி எவ்வழியில் செல்கிறது என்று காணவே விரும்பினேன்.

ஒரு தடவை உபயோகித்து எறியும்படி விற்கப்படும் அக்கருவிகளின் வயிற்றில் இருப்பது, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றத்தக்க அசல் லித்தியம் மின்கலமே. இளைஞர் அவற்றைச் சிறு மின்விசிறிக்கும் டார்ச் விளக்குக்கும் பயன்படுத்துகிறார். அவருடைய சோதனை எளிது: மஞ்சள் நிற மலிவு மீட்டரின் இரு முனைகளையும் கலத்தின் இரு தலைகளிலும் வைப்பார். "மூனுக்கு மேல இருந்தா எடுத்து வச்சிக்குவேன் அங்கிள், ரெண்டரைக்குக் கீழ போயிருந்தா தொடமாட்டேன்" என்றார். அந்த இரண்டரை வோல்ட் எல்லைக்குத் தக்க காரணம் உண்டு. அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கிக் கிடந்த கலத்தினுள் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். கரைந்த செம்பு மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கித் தீப்பிடிக்கச் செய்யலாம். ஆயினும் மூன்றுக்கு மேல் காட்டுவதெல்லாம் நல்ல கலந்தானா என்ற என் சந்தேகத்துக்கு, "அதுக்கு லோடு கொடுத்துப் பாக்கணும், கிள்ளான்ல ஒரு அண்ணன் இருக்காரு" என்று, கலத்திலிருந்து மின்சாரத்தைப் பாயவிட்டு அளக்கும் வழியையும் அவரே சொன்னார்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் சென்று, ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் கடந்து, பக்கத்துச் சந்தொன்றில் அந்த அண்ணனின் பட்டறையைக் கண்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நிதானமான பேச்சு. அவரிடம் சோதனைக்கு வரும் கருவிகளின் கதை இது: 2015-ஆம் ஆண்டை ஒட்டி இந்நாட்டு இளைஞரிடையே வேப் மோகம் உச்சத்திலிருந்தபோது, பித்தளையிலும் செம்பிலும் கடைந்த 'மெக்மோட்' எனப்படும் குழாய்க் கருவிகள் ஏராளமாகப் புழங்கின. அக்குழாயில் மின்னணுச் சுற்று என்பதே கிடையாது. உள்ளே 18650 என்ற கலம், அதாவது 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது, அடியில் ஒரு பொத்தான், மேலே கம்பிச்சுருள். பொத்தானை அழுத்தினால் கலத்தின் சக்தி முழுதும் தடையின்றிச் சுருளுக்குப் பாயும். கலம் தளர்ந்துவிட்டதென்றோ, சுருளின் தடை அபாயகரமாகக் குறைந்துவிட்டதென்றோ எச்சரித்து நிறுத்தும் காவல் எதுவும் இல்லாத காரணத்தால், அந்தக் காவலின் ஸ்தானத்தை மனிதனே வகிக்க வேண்டியவனானான்.

அண்ணன் தயாரித்த உபகரணம் இரண்டு பாகங்கள் கொண்டது. ஒன்று, கலத்தைப் படுக்க வைக்கும் சிறு மரத்தொட்டி. அதன் இரு முனைகளிலும் செப்புத் தகடுகள், அவற்றினின்று ஒரு சுவிட்ச் வழியே செல்லும் தடித்த கம்பிகள், கம்பிகளின் முடிவில், புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் வாங்கிய இரண்டு சிமெண்ட் ரெசிஸ்டர்கள் பக்கம்பக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 1 ஓம். இரண்டும் சேர்ந்து அரை ஓம். மற்றொன்று, பாழான வேப் தலையொன்றின் திருகு அடிப்பாகத்தை அறுத்தெடுத்து, நடு ஊசிக்கு ஒன்றும் விளிம்புக்கு ஒன்றுமாகக் கம்பி பற்றவைத்த மூடி. இதைக் குழாயின் தலையில் திருகிவிட்டால், சுருளுக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தத்தையே மீட்டரில் வாசிக்கலாம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு வாலிபர் தம் குழாயைக் கொண்டுவந்து, பொத்தான் சுடுகிறதென்றும் ஆவி குறைந்துவிட்டதென்றும் முறையிட்டார். அவர் கொணர்ந்த இரு கலங்களும் முழுச் சார்ஜில், வெறும் மீட்டருக்கு ஏறக்குறைய 4.15 வோல்ட் காட்டின. இரண்டுக்கும் யாதொரு பேதமும் தென்படவில்லை. தொட்டியில் கிடத்தி, ரெசிஸ்டரின் சுமையை மூன்று விநாடி ஏற்றியதும், ஒன்று 3.95-இல் நின்றது, மற்றது 3.4-க்குச் சரிந்தது. "சும்மா நிக்கிற லாரிக்கு எல்லா மேடும் ஒன்னுதான் சார், சாமானோட கெந்திங் மலையில ஏத்திப் பாத்தாத்தான் எஞ்சின் தெரியும்" என்றார் அண்ணன். அவருடைய தகப்பனார் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவராம்.

பிறகு நல்ல கலத்தையே குழாயிலிட்டு, மூடியைத் திருகி, அதே ரெசிஸ்டர்களோடு இணைத்துப் பொத்தானை அழுத்தினார். மீட்டர் 3.6 என்றது. தொட்டியில் 3.95 கொடுத்த கலம் குழாயில் 3.6 மட்டுமே கொடுக்குமாயின், நடுவே தொலைந்த பங்கு திருகின் அழுக்கிலும் பொத்தானின் கருத்த முகத்திலும் வெப்பமாகிக் கழிகிறதென்பது வெளிப்படை. பொத்தான் சுட்டதன் ரகசியமும் அதுவே. மணல்தாளால் முகத்தைத் தேய்த்து, திருகுப் புரிகளைத் துடைத்துப் பூட்டியபின் 3.85 வந்தது. தொட்டியின் அளவையும் குழாயின் அளவையும் ஒப்பிட்டு, குற்றம் கலத்தினுடையதா குழாயினுடையதா என்று பிரித்தறியும் யுக்தியே இத்தொழிலின் சாரம்.

மீட்டரையும் அவர் கண்மூடி நம்புவதில்லை. மலிவு மீட்டரின் உள்ளேயிருக்கும் 9 வோல்ட் பாட்டரி தேய்ந்துவிட்டால், அது அளவை மிகைப்படுத்திக் காட்டும். ஆகையால் தினமும் கடை திறந்ததும் தரமான மீட்டரொன்றோடு ஒத்துப்பார்த்துக்கொள்கிறார். கலத்தின் பிளாஸ்டிக் உறையையும் விரலால் தடவிப் பார்க்கிறார்: அதன் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை, நேர்முனையோ தலையின் நடுவிலுள்ள சிறு பொத்தான் மட்டுமே. அங்கே உறை கிழிந்தால் இரு முனைகளும் எளிதில் குறுக்கே இணைந்துவிடும். ஆதலால் தலைப்பக்கம் உறை கிழிந்த கலம் எத்தனை வோல்ட் காட்டினாலும் அவரிடம் தேறுவதில்லை.

மலேசிய அரசாங்கம் 2023 ஏப்ரல் 1 அன்று நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருட்களின் பட்டியலிலிருந்து நீக்கியதும், 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருட் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அமலாக்கி, பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு விற்பதைத் தடுத்ததும் ஊரறிந்த விஷயங்கள். ஆனால் ஏற்கெனவே ஒருவன் சட்டைப்பையில் கிடக்கும் பழைய கலம் இன்று சுமை தாங்குமா என்று சொல்லத் தொட்டியும் மீட்டரும் வேண்டும். அவற்றை இயக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

அன்று தேறாத கலத்தைக் குறித்து வாலிபர், "நாலு புள்ளி ஒன்னஞ்சு காட்டுதே அண்ணே" என்று வாதாடினார். அண்ணன் பதில் கூறாமல், கலத்தைத் தொட்டியிலிட்டு, சுமையேற்றும் சுவிட்சை அவர் கையிலேயே கொடுத்தார். எண் சரிவதை வாலிபர் தம் கண்ணால் கண்டபின் தர்க்கம் ஓய்ந்தது. புதுக் கலம் வேண்டுமென்று அவர் கேட்டதற்கு, தாம் விற்பதில்லை, வேறு கடையில் வாங்கிக்கொண்டு இங்கே கொண்டுவந்து காட்டும்படி சொல்லி அனுப்பினார். ஏன் விற்கக்கூடாது என்று நான் விசாரித்தேன். "நானே வித்தா, நான் பாட்டரி கெட்டதுன்னு சொல்றத எவன் சார் நம்புவான்?" என்று கூறிவிட்டு, அடுத்த குழாயைக் கையிலெடுத்தார்.