இழுப்பதும் பிடிப்பதும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகக் கிழக்கே ஏறி, ரிவஸ்டன் முகட்டைக் கடந்து, இலுக்கும்புர வழியாக லக்கலைப் பக்கம் இறங்கும் மலைப்பாதை, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் மழையிலும் முகிலிலும் மறைந்து கிடக்கும். அக்காலத்தில் பிரதான வீதியில் பிரயாணம் செய்வோருக்குப் பெரும் விக்கினமில்லையெனினும், தோட்டங்களை நோக்கிப் பிரியும் மண்பாதைகளில் ஜீப் வண்டியும் அச்சுவரை புதைவது சர்வசாதாரணம். இமயத்து வெண்பனியில் சிக்கிய வண்டிக்குச் சுற்றியுள்ள பனியை வெட்டியெடுத்தாலே பாதி விமோசனம் கிடைத்துவிடும்; நம் மலைச்சேறோ சக்கரத்தையும் அடித்தட்டையும் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்வது.

அப்படியொரு பாதையில் எங்கள் ஜீப் புதைந்து நின்றபோது, அதன் முன்புறத்திலிருந்த, கயிற்றை உருளையில் சுற்றி வண்டியை இழுக்கும் மின்சார வின்ச்சின் சாமர்த்தியத்தை நண்பர் வர்ணிக்கத் தொடங்கினார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த முதிய சாரதி பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "மோட்டாருக்குப் பலம் இருந்து என்னங்க ஐயா, கட்டுற மரம் நிக்கணுமே!" என்றார். இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

சுமையோடு 2500 கிலோகிராம் நிறையுள்ள வண்டிக்கு, அதில் ஒன்றரை மடங்காகிய 3750 கிலோகிராமேனும் இழுக்கவல்ல வின்ச் வேண்டுமென்பது பொதுவிதி. ஆயினும் விற்பவர் சொல்லும் அந்தப் பலம், உருளையின்மீது கயிறு முதல் அடுக்கில் இருக்கும்போதுதான் கிடைப்பது. அடுக்குகள் ஏற ஏற அது குறைந்துவிடும். அதனாலேயே சாரதி, உருளையில் சில சுற்றுகளை மட்டும் விட்டுவைத்து, கயிற்றைத் தூரத்து மரம்வரை கொண்டுபோய், அங்கே கட்டிய கப்பியில் மாட்டி வண்டிக்கே திருப்பினார். வேகம் பாதியாயிற்று, இழுவிசையோ ஏறக்குறைய இரட்டித்தது.

பட்டுப்போன மரமொன்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பசுமரத்தைத் தேர்ந்து, பட்டையைக் கம்பிக்கயிறு அறுத்துவிடாதபடி அகன்ற பெல்ட்டை அடிமரத்தோடு சுற்றினார். 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் உலக மரபுரிமையிலும் இடம்பெற்ற நக்கிள்ஸ் மலைக்காட்டின் அருகே, அது மரியாதையுங்கூட. இரும்புக் கயிறு அறுந்தால் சாட்டையாய் வீசி உயிரைக் குடிக்குமாகையால், அதன்மேல் நனைந்த சாக்கைப் போட்டு, எங்களையெல்லாம் விலகி நிற்கச் செய்தார். செயற்கை நார்க்கயிற்றில் அந்த அபாயம் குறைவு. ஆனால் கூரிய பாறையும் சேற்று மணலும் அதற்குச் சத்துருக்கள்.

வண்டி ஓரடி நகருந்தோறும் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசிமகத்தில் வீதிவலம் வரும்போது, வடம் பிடிப்பவரைப் போலவே முட்டுக்கட்டை போடுபவரும் முக்கியமல்லவா?

ஆகவே இம்மலைகளுக்குப் போகிறவர் முதலில் வாங்கத்தக்கவை மம்பட்டி, பெல்ட், கயிற்றையும் பெல்ட்டையும் இணைக்கும் உறுதியான ஷேக்கிள் வளையம், கப்பி ஆகியவையே. வின்ச் கடைசியில் வரலாம். பாறைமேல் மெல்லிய மண் படிந்து, மரமின்றிப் புல் மட்டும் விரிந்த பிட்டவல பத்தனையிலோ, கயிறு கட்ட மரமுமில்லை, அறைந்த முளையும் நிற்காது. சக்கரம் பட்ட புல்தரை எளிதில் தேறவும் மாட்டாது. அங்கே வண்டியை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து செல்வதே உத்தமம்.