உட்கார ஓர் இடம்

வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். தட்டு வைக்கிற நேரம் வந்தால் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். "வீட்லதானே இருக்கே" என்ற ஒற்றைச் சொல்லில் சிலிண்டர்காரருக்குக் கதவு திறப்பதும் பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கி வைப்பதும் என் பொறுப்பாகிவிடும். பெண்களுக்கென்றே ஒரு பொதுப் பணியிடம் என்று கேள்விப்படும்போதெல்லாம் மனம் அங்கே ஓடுவது இதனால்தான்.

அப்படிப்பட்ட இடங்களில் உலகம் அதிகம் பேசியது நியூயார்க்கின் 'தி விங்' பற்றி. ஆட்ரி கெல்மன், லாரன் கசான் இருவரும் 2016இல் தொடங்கினார்கள். ஒரு சந்திப்பு முடிந்து அடுத்ததற்கு ஓடுகையில், உடைமாற்ற இடமில்லாமல் பொதுக் கழிப்பறையில் ஒதுங்கிய கெல்மனின் அனுபவத்தில் பிறந்த யோசனை அது. மேசை, குளியலறை, தாய்ப்பால் எடுக்கத் தனியறை, சில கிளைகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. இவற்றை ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியாது. வேலைக்குப் போகும் பெண்ணின் ஒரு நாளை அறிந்தவர்கள் போட்ட பட்டியல் அது.

ஆனால் மாதக் கட்டணம் 200 டாலருக்கு மேல். அதைக் கட்டியவர்கள் அமர்ந்து வேலை பார்க்க, சமைத்தும் துடைத்தும் வரவேற்றும் நின்றவர்களும் பெண்களே. வெள்ளையரல்லாதவர்களுக்கு அங்கே மதிப்பில்லை என்று ஊழியர்கள் 2020 ஜூனில் வேலையை நிறுத்தினார்கள். அன்றே கெல்மன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கொரோனாவும் சேர்ந்து அடிக்க, 2022இல் எல்லாக் கிளைகளும் மூடப்பட்டன.

அகமதாபாத்தில் வேறொரு வழியில் போனவர் இளா பட். காய்கறி விற்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் எனக் கூலிச்சீட்டே இல்லாத பெண்களைக் கூட்டி 1972இல் 'சேவா' சங்கத்தை அமைத்தார். இரண்டே ஆண்டில், 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட, அவர்களுக்கென்று ஒரு வங்கி எழுந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் புகைப்படமே அடையாளம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகங்களும் பின்னால் வந்தன. சேவாவுக்கு வந்தவள் வாடிக்கையாளர் மட்டுமல்ல, பங்குதாரர்.

இங்கோ உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது: துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களும் உட்காரலாம் என்று தமிழ்நாடு 2021இல்தான் சட்டம் இயற்றியது. எங்கள் ஊரிலும் பெண்களுக்கான பணியிடங்கள் வர வேண்டும், நிறைய வர வேண்டும். வந்தால் நானும் சேர்வேன். சேருமுன் இரண்டு கேள்விகள் கேட்பேன்: இந்த இடத்தைப் பெருக்குகிறவருக்கு இங்கே நாற்காலி உண்டா? அவர் பிள்ளைக்கும் இந்தக் காப்பகத்தில் இடம் உண்டா? இரண்டுக்கும் 'உண்டு' என்று சொல்கிற இடத்தையே பெண்களுக்கான இடம் என்று நான் ஒப்புக்கொள்வேன்.