முகரத் தெரியாத மூக்கு

ஐம்புலன்களுள் மொழி மிகக் குறைவாகக் கவனித்த புலன் மூக்கு எனலாம். நிறங்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனிப்பெயர்கள் உண்டு. சுவைகளை ஆறாக வகுத்துப் பெயரிட்ட மரபும் தமிழுக்குண்டு. மணத்தின் நிலையோ வேறு. மல்லிகை மணம், மண் மணம், மீன் வெடுக்கு என்று, அது எப்பொருளிலிருந்து எழுந்ததோ அப்பொருளின் பெயரையே அதற்கும் இரவலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ள ஒன்றிரண்டு பொதுச்சொற்களும் நிலைத்து நிற்பதில்லை. வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்து நாற்றம் என்றது மணத்தை. இன்று அச்சொல்லைக் கேட்பவர் மூக்கைப் பொத்துகிறார். சொல் மாறிற்றேயன்றி மணம் மாறவில்லை.

மனிதனே பெயரிட இடர்ப்படும் இவ்விடயத்தை உலோக ஒட்சைட்டுத் துணுக்குகளைக் கொண்டு இனங்காண முற்பட்ட வரலாறு மணத்தின் மீதுள்ள விருப்பினால் தொடங்கியதன்று, அச்சத்தினால் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிப்பு நிகழ்ந்தபின் எஞ்சிநிற்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வெடிப்புக்குத் தப்பியவர்கள் பலர் அவ்வாயுவுக்கு இரையாயினர். 1890களில் யோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் இதனை ஆராய்ந்து, சிறு பிராணிகளைச் சுரங்கத்துள் கொண்டுசெல்லுமாறு கூறினார். மனிதனுக்கு முன்னரே கனேரிப் பறவை மயங்கி விழும்; விழுந்தால் மனிதன் திரும்பி ஓடலாம். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் கைவிடப்படுமென அறிவிக்கப்பட்டது 1986இலேயே. பறவையின் இடத்தைக் கையடக்கமான மின் கருவிகள் பெற்றன.

இதேவேளை யப்பானிலே அச்சம் அடுக்களைக்குள் இருந்தது. வீடுகளில் சமையல் வாயு பரவியதோடு வாயுக்கசிவினால் வெடிப்புகளும் நேர்ந்தன. 1962ஆம் ஆண்டில் நவோயோஷி தகுச்சி என்பவர் வெள்ளீயவொட்சைட்டினாலான வாயு உணரி ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். அதே ஆண்டில் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செயாமா குழுவினர் நாகவொட்சைட்டின் மெல்லிய படலம் வாயுக்களை உணர்வதை அறிவித்தனர். 1968இல் தகுச்சியின் உணரிகள் விற்பனைக்கு வந்தன.

அவ்வுணரி தொழிற்படும் முறை வியக்கத்தக்க எளிமையுடையது. வெள்ளீயவொட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதனை ஏறத்தாழ 200 முதல் 400 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், காற்றிலுள்ள ஒட்சிசன் அதன் நுண்மணிகளின் மேற்பரப்பிலே ஒட்டிக்கொண்டு, அங்குள்ள இலத்திரன்களைக் கவர்ந்து வைத்துக்கொள்கிறது. மின்னோட்டத்தைத் தாங்கிச்செல்ல வேண்டிய இலத்திரன்கள் இவ்வாறு சிறைப்பட மின்தடை உயர்கிறது. எரியத்தக்க வாயு ஏதேனும் வந்து சேர்ந்தால் அது மேற்பரப்பிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுற்று அதனை அகற்றுகிறது. இலத்திரன்கள் விடுதலை பெறுகின்றன, மின்தடை வீழ்கிறது, மணி ஒலிக்கிறது. பலேடியம் போன்ற உலோகத்தைச் சிறிதளவு சேர்த்தால் இத்தாக்கம் மேலும் விரைவுறும். நெருப்பில்லாமலே நடைபெறும் ஒரு சிறு எரிதல் இது எனலாம்.

ஆயின் இவ்வுணரிக்கு ஒரு பெருங்குறை உண்டு. வந்தது யார் என்று அது கேட்பதில்லை. சமையல் வாயுவாயினும் அற்ககோல் ஆவியாயினும் காபனோரொட்சைட்டாயினும் ஒட்சிசனை அகற்றும் எதுவாயினும் அதற்கு ஒன்றே. கதவு தட்டப்பட்டது என்பதை மாத்திரம் அறியும் காவலாளி போன்றது அது.

இக்குறையையே கருவியாக்கியவர்கள் இங்கிலாந்தின் வோர்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ண பெர்சோட், ஜோர்ஜ் டொட் ஆகிய இருவர். 1982இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலே மூன்று வெள்ளீயவொட்சைட்டு உணரிகள் இடம்பெற்றன. மூன்றும் எல்லா ஆவிகளுக்கும் அசைந்து கொடுப்பவையே. ஆனால் ஒரேயளவில் அல்ல. ஓர் ஆவிக்கு முதலாவது மிகுதியாகவும் மூன்றாவது குறைவாகவும் அசையும். வேறோர் ஆவிக்கு அவ்விகிதம் மாறும். தனியொன்றின் விடை பயனற்றதாயினும் மூன்றும் சேர்ந்து தரும் கோலம் ஒவ்வோர் ஆவிக்கும் வேறாகிறது. பாலூட்டிகளின் மூக்கும் இவ்வாறே தொழிற்படக்கூடும் என்பது அவர்களது கருத்து. மணவாங்கிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் ஆகியோர் கண்டறிந்தது அதன்பின்னர், 1991இல். அதற்கான நோபல் பரிசு 2004இல் வழங்கப்பட்டது. மனிதனிடத்தில் ஏறக்குறைய 400 வகை வாங்கிகள் தொழிற்படுகின்றன. ஒரு வாங்கி பல மணங்களுக்கு விடையளிக்கும். ஒரு மணம் பல வாங்கிகளைத் தூண்டும். மூளைக்குச் செல்வதும் ஒரு கோலமே.

கோலம் கிடைத்துவிட்டது, பெயர்? இங்கேதான் இலத்திரனியல் மூக்கு மீண்டும் மனிதனிடம் வந்து நிற்கிறது. தேயிலையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். உருட்டி நொறுக்கிய கொழுந்து நொதித்தல் அறையிலே பச்சைப்புல் மணத்தை இழந்து படிப்படியாகப் பழமணம் பெறுகிறது. (நொதித்தல் என வழங்கினும் உண்மையில் அது ஒட்சியேற்றமே.) எந்தக் கணத்தில் அதனை நிறுத்தி உலர்த்தியில் இடவேண்டும் என்பதை அறிவது ரீமேக்கரின் மூக்கு. சற்று முந்தினால் தேநீர் பச்சையடிக்கும். பிந்தினால் உயிர்ப்பற்றுப் போகும். அன்று மலையிலே கொய்த கொழுந்து அனைத்தும், கொய்தவர்களின் ஒருநாள் உழைப்பும், அந்த மூக்கை நம்பியிருக்கின்றன. எழுதி வைக்கப்படாத அறிவு அது. ஓய்வுபெறுபவரோடு அதுவும் வீட்டுக்குச் சென்றுவிடும்.

கொல்கத்தாவில் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தவரை உள்ளிட்ட ஆய்வாளர் குழுவொன்று இக்கணத்தைக் கண்டறியும் இலத்திரனியல் மூக்கொன்றை அமைத்து, 2007 தொடக்கம் முடிபுகளை வெளியிட்டது. தேயிலையின் தரத்தையும் அவர்கள் அவ்வாறே அளக்க முயன்றனர். கருவிக்கு ஆசானாக அமைந்தவை தேயிலைச் சுவைஞர்கள் இட்ட புள்ளிகள். சுவைஞர் நன்று என்றதன் கோலத்தை நன்று என்றே கருவி மனனம் செய்கிறது. அவர் பிழைத்தால் அதுவும் பிழைக்கும். இருவர் முரண்பட்டால் அம்முரண்பாட்டையும் அது பெற்றுக்கொள்ளும். இதனை இழப்பு என்பதா, காப்பு என்பதா? ஓய்வுபெற்றுச் செல்லும் ஒருவரின் மூக்கு எண்களாகவேனும் எஞ்சுவது சிறிய பேறன்று. ஆயினும் காலைநேரக் கொழுந்துக்கும் மழைநாட் கொழுந்துக்கும் ஏன் வெவ்வேறு கெடு வைத்தார் என்று கேட்டால், அவர் காரணம் கூறியிருப்பார்; எண்கள் கூறா.

அன்றியும், கற்றதைக் கருவி என்றும் நினைவில் வைத்திருப்பதுமில்லை. ஈரப்பதன் மாறினால் அதன் மின்தடை மாறும். சிலிக்கோன் ஆவி பட்டால் உணரி நஞ்சூட்டப்பட்டதுபோல மரத்துப்போகும். எதுவும் நேராவிடினும் மாதங்கள் செல்ல ஒட்சைட்டு மணிகள் முதுமையடைந்து, நேற்றுக் கற்ற கோலம் இன்று சற்றே விலகி நிற்கும். மனித மூக்கின் உணர்கலங்களோ சில வாரங்கள் அல்லது மாதங்களுக்கொரு முறை மடிந்து புதிதாகத் தோன்றுகின்றன. எனினும் மல்லிகை மல்லிகையாகவே மணக்கிறது. வெள்ளீயவொட்சைட்டுக்கு அவ்வாறு புதுப்பிறவி இல்லை. தெரிந்த மணங்களை மீண்டும் காட்டி அதனைத் திருத்த வேண்டும்.

இத்தகைய மூக்கொன்று மூடுபனி உள்ளே புகும் மலைநாட்டுத் தொழிற்சாலையில் நிறுவப்படின், என்றேனும் ஒருநாள் அதன் விடை வழக்கத்துக்கு மாறாக இருக்கும். பிசகியது கருவியா, கொழுந்தா என்பதை அறிய, அறையிலுள்ள எவரேனும் ஒருவர் ஒரு பிடி தூளை அள்ளி மூக்கருகே கொண்டுசென்று பார்ப்பார்.