கதவடைத்த புழு

கிணத்துக்கடவில் பிறந்து வளர்ந்த நான், சென்ற ஆண்டுப் பள்ளிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டேன். கன்னியாகுமரிப் பாறை இடுக்கில் ஒரு சிறு கல் கிடந்தது. அதன்மேல் வளைந்து வளைந்து வெள்ளைக் குழாய்கள் ஒட்டியிருந்தன. யாரும் அறியாமல் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிரித்தால் ஒரே நாற்றம்! அம்மிச்சி மூக்கைப் பொத்திக்கொண்டார். கல்லை அறிவியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

"இவை குழாய்ப்புழுக்களின் வீடுகள். நம் தோட்டத்து மண்புழுவுக்கு உறவினம். சுண்ணாம்பைச் சுரந்து தாமே கட்டுகின்றன. தலையில் விசிறிபோல் இறகுகள் உண்டு. அவற்றாலேயே மூச்சுவிடும், இரை பிடிக்கும். பல இனங்களில் ஓர் இறகே மூடியாக மாறியிருக்கும். நீர் வடிந்ததும் உள்ளே ஒடுங்கி, மூடியால் வாசலை அடைத்து, ஈரம் காத்து, அலைக்காகக் காத்திருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பைக்குள்ளும் அவை கதவடைத்துக் காத்திருந்திருக்கும், அலைதான் வரவில்லை.

அந்தக் கல் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. தோழியரே, கடற்கரைக்குச் சென்றால் குனிந்து பாருங்கள், எடுத்து வராதீர்கள்.